பொதுச் சுகாதாரத் தரவை ஆய்வுக்குக் கேட்பதும் கொடுப்பதும்

தமிழ்நாட்டில் கருவுற்ற பெண் ஒருவர் துணை சுகாதார நிலையத்தில் முதல்முறையாகப் பெயர் பதியும்போது, கிராம சுகாதார செவிலியர் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் விவரங்கள் கொஞ்சநஞ்சமல்ல. பெயர், வயது, கணவர் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண், கடைசி மாதவிடாய் தேதி, இது எத்தனையாவது கர்ப்பம், முன்பு கரு கலைந்ததுண்டா, பிறந்த குழந்தை ஏதேனும் தவறியதுண்டா என்று கேள்விகள் நீளும். அதன்பின் உயரம், எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், பிற ரத்தப் பரிசோதனைகளின் முடிவுகள். இவ்வளவும் ‘பிக்மி’ என்று எல்லோரும் அழைக்கும் மாநில அரசின் மென்பொருளில் ஏறி, அந்தப் பெண்ணுக்கென்று ஓர் எண் கிடைக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அந்த எண் வேண்டும். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போதும் அதைக் கேட்பார்கள்.

ஆகவே அவர் இந்த விவரங்களைச் சொன்னது சிகிச்சைக்காகவும் உதவித்தொகைக்காகவும் சான்றிதழுக்காகவும்தான். என்றோ ஒரு நாள் முன்பின் தெரியாத ஆய்வாளர் ஒருவர் அவற்றை வைத்துக் கட்டுரை எழுதக்கூடும் என்பது அந்த உரையாடலில் வருவதில்லை. வந்தாலும், மறுத்தால் எண் கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சும் நிலையில் இருப்பவரின் தலையசைப்பை முழுமையான இசைவு என்று கொள்ள முடியாது. பொதுச் சுகாதாரத் தரவை ஆய்வுக்கு எடுக்க அனுமதி வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது. கையெழுத்திடுவோர் ஆய்வைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் தலைவரும் தரவை வைத்திருக்கும் துறையின் இயக்குநருமாக இருந்தாலும், அவர்கள் பதிவேட்டில் பெயர் உள்ள பெண்ணின் சார்பில்தான் அதைச் செய்கிறார்கள் என்பதை மறந்துவிட்டால், விண்ணப்பம், படிவம், முத்திரை எல்லாமே வெறும் சடங்காகிவிடும்.

அதற்காகத் தரவைப் பூட்டி வைத்துக்கொள்வதும் அவருக்குச் செய்யும் நன்மை ஆகாது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது; அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது 50.4 விழுக்காடு. இரும்புச்சத்து மாத்திரை பல பத்தாண்டுகளாக வழங்கப்பட்டுவரும் நாட்டில் இந்த எண் ஏன் இறங்க மறுக்கிறது? மாதிரிக் கணக்கெடுப்பு எத்தனை பேருக்கு என்று சொல்லும். ஒரே பெண்ணை மூன்றாம் மாதத்திலிருந்து பிரசவம்வரை பின்தொடர்ந்த பதிவேடுதான், யாருக்கு, எந்த மாதத்தில், எது கிடைக்காமல் போனது என்பதைக் காட்டும். அப்படிப்பட்ட பதிவேடு அரசிடம் மட்டுமே உள்ளது.

ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் படிக்கும் முதுநிலை மாணவி ஒருவர் இந்தக் கேள்வியை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாவட்டம், மூன்று ஆண்டுப் பதிவுகள். எந்த மாதத்தில் ஏற்பட்ட ரத்தசோகை, குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பதோடு அதிகம் சேர்ந்து வருகிறது என்பது கேள்வி. அவர் கடக்க வேண்டிய வாசல்கள் இரண்டு. ஒன்று நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். மற்றொன்று தரவை வைத்திருக்கும் துறையின் அனுமதி. இவ்விரண்டும் வேறு வேறு என்பது அனுபவமுள்ள பேராசிரியர்களுக்கே சில சமயம் பிடிபடுவதில்லை. ஆய்வு சரியானதா, அதனால் யாருக்கேனும் கேடு வருமா என்று குழு பார்க்கும். தன் பொறுப்பில் உள்ள பதிவை வெளியே விடலாமா என்பதைத் துறை முடிவு செய்யும். முதல் வாசலுக்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. இரண்டாவது வாசலில்தான் பெரும்பாலான ஆய்வுகள் தேங்கி நிற்கின்றன.

முதல் வாசலைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மனிதர்கள் பங்குபெறும் மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கான தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களை 2017இல் திருத்தி வெளியிட்டது. அதன்படி குழுவில் 7 முதல் 15 பேர் இருக்க வேண்டும். பாதிப்பேராவது நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். தலைவர் வெளியாளாகவே இருக்க வேண்டும். மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவர், சமூக அறிவியலாளர், எந்தத் துறையையும் சேராத பொதுமக்கள் பிரதிநிதி ஆகியோரும் உட்கார வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் வந்தபின், இவ்வகை ஆய்வுகளைப் பார்க்கும் குழுக்கள் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்துகொள்வதும் கட்டாயமாயிற்று.

எல்லா விண்ணப்பமும் முழுக் குழுவுக்குப் போவதில்லை. பொதுவெளியில் ஏற்கெனவே கிடைக்கும், எவரையும் அடையாளம் காட்டாத தரவை வைத்துச் செய்யும் ஆய்வுக்குப் பரிசீலனையிலிருந்து விலக்கு உண்டு. பெயர் நீக்கிய மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்யும் ஆய்வை ஓரிரு உறுப்பினர்கள் விரைவு முறையில் பார்த்து முடிவு செய்யலாம். அடையாளத்துடன் கூடிய தரவு, கூடுதல் ஆபத்துள்ள ஆய்வு ஆகியவை முழுக் குழுவின் முன் வரும். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘என் ஆய்வுக்கு விலக்கு உண்டு’ என்பதை ஆய்வாளர் தானே முடிவு செய்துகொள்ள முடியாது. அதையும் குழுதான் சொல்ல வேண்டும். வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு கேட்டாலும் கிடைக்காது, ஏனெனில் நெறிமுறை ஒப்புதல் பின்தேதியிட்டு வழங்கப்படுவதில்லை.

அடுத்தது இசைவு. மாவட்டம் முழுவதும் பல்லாயிரம் பெண்களைத் தேடிப்போய், மூன்றாண்டுக்கு முந்தைய பதிவைப் பார்க்கலாமா என்று கேட்பது நடக்கிற காரியமல்ல. அப்படித் தேடுவதற்கே அவர்களின் பெயரும் முகவரியும் ஆய்வாளரின் கைக்கு வந்தாக வேண்டும். வழிகாட்டுதல் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. அடையாளம் நீக்கப்பட்ட பழைய பதிவுகளை ஆராயும்போதும், சில வகைப் பொதுச் சுகாதாரக் கண்காணிப்பு, திட்ட மதிப்பீட்டு ஆய்வுகளின்போதும் தனிநபர் இசைவு பெறுவதிலிருந்து குழு விலக்கு அளிக்கலாம். கவனிக்க வேண்டியது, இது தானாகக் கிடைப்பதில்லை. காரணம் காட்டிக் கேட்க வேண்டும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அளித்த புட்டசாமி தீர்ப்பும் இதே பாதையில்தான் நடக்கிறது. மருத்துவமனையிடம் ஒருவர் கொடுத்த மருத்துவப் பதிவை அவர் அனுமதியின்றி வெளியிடுவது தனியுரிமை மீறல் என்று சொல்லும் அதே பகுதியில், மலேரியா, டெங்கு போன்ற கொள்ளைநோய்களைப் புரிந்துகொள்ள மருத்துவமனைப் பதிவுகளை அரசு ஆராய்வதில் நியாயமான நலன் உண்டு என்றும், தனிமனிதரின் அடையாளத்தைக் காத்தால் அது செல்லும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. தரவைக் கேட்போரும் மறுப்போரும் இந்தத் தீர்ப்பையே மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் படித்தால், எல்லாம் ‘அடையாளத்தைக் காத்தல்’ என்ற நிபந்தனையின் மீதே நிற்பது தெரியும்.

அந்த நிபந்தனை உண்மையில் என்ன கேட்கிறது என்பதை மாணவியின் விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்ட ஒரே ஒரு பக்கத்தில் பார்க்கலாம். என் மதிப்பில் முழு விண்ணப்பத்திலும் முக்கியமான பக்கம் அதுதான். தரவு அட்டவணையில் எந்தெந்தப் பத்திகள், அதாவது பெயர், வயது போன்ற எந்தெந்த விவரங்கள், வேண்டும் என்ற பட்டியல் அது. முதல் வரைவில் பெரும்பாலோர் எழுதுவது ‘பிக்மி தரவு, மூன்று ஆண்டுகள், முழுவதும்’ என்று. பின்னால் எது தேவைப்படுமோ தெரியாது, இருக்கட்டும் என்ற எண்ணம். ஒவ்வொரு பத்தியையும் தனியே எடுத்து, கேள்விக்கு இது எதற்கு என்று கேட்கத் தொடங்கியதும் பட்டியல் சுருங்கும். பெயர், கணவர் பெயர், கைப்பேசி எண் ஆகியவற்றுக்கு வேலையே இல்லை. பிறந்த தேதி வேண்டாம், நிறைந்த வயது போதும். கடைசி மாதவிடாய் தேதியும் பரிசோதனைத் தேதியும் தனித்தனியே வேண்டாம். அவற்றைக் கழித்து, பரிசோதனை எத்தனையாவது வாரத்தில் நடந்தது என்ற ஒற்றை எண்ணைத் துறையே கணக்கிட்டுக் கொடுக்கலாம். பிரசவத் தேதிக்குப் பதில் மாதமும் ஆண்டும். கிராமத்தின் பெயருக்குப் பதில் வட்டாரம். பிக்மி எண்ணுக்குப் பதில் ஓர் ஆய்வு எண். எந்த ஆய்வு எண் எந்தப் பெண்ணுடையது என்ற இணைப்புப் பட்டியல் துறையின் கணினியிலேயே இருக்கட்டும், மாணவியின் கைக்கு வர வேண்டாம். இப்படிச் செய்த பின்னும் ரத்தசோகைக்கும் பிறப்பு எடைக்குமான கேள்வியில் ஒரு துளியும் குறைவதில்லை.

பெயரை நீக்கினால் போதாதா என்று கேட்போருக்கு 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குத் தந்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்து இரண்டையும் பொருத்தினார். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியைக் கொண்டவர்கள் அந்த நகரில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வாழ்ந்தவர் அவர் ஒருவர் மட்டுமே. ஆளுநரின் நோய் விவரம் அப்படி வெளிப்பட்டது. நம் வாக்காளர் பட்டியலும் வாக்குச்சாவடி வாரியாகப் பெயர், வயது, பாலினம், வீட்டு எண் ஆகியவற்றோடு எவரும் பார்க்கக் கிடைப்பதுதான்.

நம் ஊரில் கணினிகூட வேண்டியதில்லை. ஒரு கிராமத்தில் மூன்றாண்டில் ஒரே ஒரு பேறுகால மரணம் நடந்திருந்தால், கிராமப் பெயரும் ஆண்டும் வயதும் இருக்கும் ஒரு வரி, அந்த ஊரில் எவருக்கும் இறந்தவர் யார் என்று சொல்லிவிடும். அதே வரியில் முந்தைய கருக்கலைப்பு பற்றிய விவரமும் இருந்தால், அவருடைய தாய்க்கே தெரியாதிருந்த ஒன்று ஊருக்குத் தெரிந்துபோகும். இதனால்தான் அட்டவணையில் ஐந்துக்கும் குறைவான எண்ணிக்கை வரும் கட்டங்களை மறைப்பது போன்ற விதிகளைப் பல நாடுகள் கையாள்கின்றன. நீலகிரியில் இது இன்னும் கூர்மையாகிறது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. இவற்றுள் தோடர்கள் 2 ஆயிரம் பேர் அளவிலேயே உள்ளனர். சமூகம் என்ற பத்தியும் வட்டாரம் என்ற பத்தியும் ஒன்றாக வந்தால் அங்கே பெயர் நீக்கியதற்குப் பொருளே இல்லை. யாரையும் தனியே அடையாளம் காட்டாவிட்டாலும், இன்ன நோய் இன்ன மக்களிடம் அதிகம் என்று எழுதும் ஒரு வரி அந்தச் சமூகம் முழுவதின் மீதும் ஒட்டிக்கொள்ளும். இதைக் கேட்பதற்காகவே குழுவில் மருத்துவர் அல்லாதவர்களும் அமர்கிறார்கள்.

இனி இரண்டாவது வாசல். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் அவற்றின் பதிவுகளும் பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்குநரகத்தின் பொறுப்பில் உள்ளன. அந்த இயக்குநரகத்துக்கென நெறிமுறைக் குழுவும் உண்டு. மாணவியின் கல்லூரிக் குழு ஒப்புதல் தந்துவிட்டது என்பதால் இயக்குநரகம் தரவைத் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இங்கே பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் சுழல் ஒன்று உண்டு. துறையின் அனுமதிக் கடிதம் எங்கே என்று கல்லூரிக் குழு கேட்கும். நெறிமுறைக் குழுவின் சான்று எங்கே என்று துறை கேட்கும். மூன்றாண்டுப் படிப்பில் ஆய்வேட்டுக்குக் கிடைக்கும் மாதங்கள் கொஞ்சம். இந்தச் சுழலில் பாதி கரைந்துவிடும். ‘நெறிமுறை ஒப்புதல் கிடைத்தால் தரவு தருவதில் துறைக்கு மறுப்பு இல்லை’ என்று ஒரு கொள்கையளவிலான கடிதத்தை முதலிலேயே பெற்று, அதை வைத்துக் குழுவின் ஒப்புதலை வாங்கி, அந்தச் சான்றோடு இறுதி அனுமதிக்குத் திரும்பி வருவதுதான் நடைமுறையில் பயன் தரும் வழி. வெளிநாட்டு நிறுவனம் கூட்டாளியாகவோ நிதி தருவதாகவோ இருந்தால், மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுத் திட்டப் பரிசீலனைக் குழு என்ற மூன்றாவது வாசலும் சேர்ந்துகொள்ளும்.

கோப்பு ஏன் மேசை மேசையாக நிற்கிறது? அதிகாரிகளைக் குறை சொல்வது எளிது. அவர்களின் தயக்கத்துக்குக் காரணமில்லாமல் இல்லை. 2020 மார்ச்சில் கர்நாடகத்தில் வீட்டுத் தனிமையில் வைக்கப்பட்டவர்களின் முகவரிப் பட்டியலை அரசே வெளியிட்டது. அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பரவியது. 2023 ஜூனில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் விவரங்கள் டெலிகிராம் செயலியில் கிடைப்பதாகச் செய்தி வந்தது. கோவின் தளத்திலிருந்து தரவு கசியவில்லை என்று அமைச்சகம் மறுத்தாலும் மக்களின் பயம் போகவில்லை. தரவைக் கொடுத்து அது கசிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்திட்ட அதிகாரி. கொடுக்காமல் விட்டதால் ஓர் உண்மை தெரியாமல் போனால் அவரை யாரும் கேட்கப்போவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை நல்ல அதிகாரியும் தயங்கத்தான் செய்வார்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வு துறையின் குறையைக் காட்டிவிடுமோ என்ற அச்சம் அது. மாத்திரை இருப்பு இல்லாத மாதங்கள், பரிசோதனை செய்யாமலேயே நிரப்பப்பட்ட ஹீமோகுளோபின் எண்கள், மேலிடத்துக்குப் போகாத மரணங்கள் ஆகியவை தரவில் தெரியவரும். தனியுரிமையைக் காரணம் காட்டி மறுக்கப்படும் விண்ணப்பத்தில் எது உண்மையான தனியுரிமைக் கவலை, எது இந்த அச்சம் என்று வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை, ஏனெனில் மறுப்புக்குக் காரணம் எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மாவட்டத்தின் மொத்த எண்ணிக்கைகளைக் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். பெயர் நீக்கிய தனிப் பதிவுகளை ஆய்வுக்குக் கேட்பவருக்கு அப்படிச் சட்டம் உறுதிசெய்த காலக்கெடுவும் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. அரசுத் துறைகளின் தரவைத் திறந்தது, பதிவுசெய்து பெறுவது, கட்டுப்படுத்தப்பட்டது என மூன்றாகப் பிரித்த 2012ஆம் ஆண்டின் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை நல்ல தொடக்கம்தான்; ஆனால் அது கொள்கை, சட்டமன்று.

இதன் விலையை 2021இல் நாடு கண்டது. கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஏப்ரல் இறுதியில், பரிசோதனைத் தரவையும் மரபணு வரிசைத் தரவையும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடக் கோரி நூற்றுக்கணக்கான அறிவியலாளர்கள் பிரதமருக்கு முறையீடு எழுதினர். அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக இருந்த கே. விஜயராகவன் அடுத்த நாளே தரவு பெறும் வழிகளைக் குறிப்பிட்டு அறிக்கை வெளியிட்டார். ஓர் உயர் அதிகாரியின் அறிக்கைக்காக முறையீடு எழுத வேண்டியிருந்ததே வழி சரியாக இல்லை என்பதற்குச் சான்று.

திறந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் அதே கொள்ளைநோய்க் காலத்திலிருந்து, அதுவும் நம் மாநிலத்திலிருந்தே, எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய தொடர்பறிதல் பதிவுகளை, அதாவது தொற்றுடையவர் யார் யாரோடு தொடர்பிலிருந்தார் என்ற விவரங்களை, ரமணன் லட்சுமிநாராயணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இரு மாநில அதிகாரிகளுடன் சேர்ந்து ஆராய்ந்து 2020இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டனர். 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேர். தொற்றுடையவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தம் தொடர்பில் ஒருவருக்கும் பரப்பவில்லை, 8 விழுக்காட்டினரே புதிய தொற்றுகளில் 60 விழுக்காட்டுக்குக் காரணம் என்று அது காட்டியது. அந்நேரத்தில் வேறெங்கும் இவ்வளவு பெரிய தொடர்பறிதல் தொகுப்பு ஆராயப்பட்டிருக்கவில்லை. அந்தப் பதிவுகளை எழுதிய கைகள் நம் கிராம சுகாதார செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர்கள் போன்றோருடையவை. அவர்களின் உழைப்பு உலக அறிவாக மாறியதற்கு, துறைக்குள் இருந்தவர்களே ஆய்வில் பங்கேற்றது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இதனால் புதிய ஆய்வாளர்களுக்கு நான் சொல்வது, துறையைத் தரவு கொடுக்கும் இடமாக மட்டும் பார்க்காமல், பதிவேட்டை அறிந்த ஓர் அலுவலரைத் தொடக்கத்திலேயே கூட்டு ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே. எந்தப் பத்தி நம்பத்தக்கது, எது ஒப்புக்கு நிரப்பப்படுவது என்று அவருக்குத்தான் தெரியும்.

தனிப் பதிவு தேவைப்படாத கேள்விகளும் நிறைய உள்ளன. அவற்றுக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். தேசியக் குடும்பநல ஆய்வின் குடும்ப வாரியான தரவு, ஆய்வுத் தலைப்பையும் சிறு விளக்கத்தையும் கொடுத்துப் பதிவு செய்தால் கட்டணமின்றிக் கிடைத்து வந்தது. அங்கும் அடையாளக் காப்பு உண்டு: கணக்கெடுத்த இடங்களின் வரைபடப் புள்ளிகள் நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரையும் கிராமப்புறத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரையும் வேண்டுமென்றே நகர்த்தி வைக்கப்பட்டுத்தான் தரப்படும். ஆனால் அந்தத் தரவை உலக ஆய்வாளர்களும் நம்மவர்களும் வாங்கிய முக்கிய வாசல் அமெரிக்க அரசின் நிதியில் இயங்கிய ஒரு திட்டத்தின் இணையதளம். 2025 தொடக்கத்தில் அந்த நிதி நிறுத்தப்பட்டதும் புதிய விண்ணப்பங்கள் ஏற்கப்படாமல் நின்றன. நம் வீடுகளில் கேட்டு எழுதிய விவரங்களைப் பெற வெளிநாட்டு நிதியை நம்பியிருந்தோம் என்பது யோசிக்க வேண்டிய செய்தி.

சட்டமும் இப்போது மாறி வருகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் தரவைப் பயன்படுத்துவதற்கு நிபந்தனையோடு விலக்கு அளிக்கிறது. அந்தத் தரவை வைத்து எந்தத் தனிநபரைப் பற்றியும் தனியாக முடிவெடுக்கக் கூடாது என்பது ஒரு நிபந்தனை; வகுக்கப்பட்ட தரநிலைகளின்படி கையாள வேண்டும் என்பது மற்றொன்று. முதல் நிபந்தனையின் அருமை பிக்மி போன்ற பதிவேட்டில்தான் புரியும். ஆய்வுக்கென்று எடுத்த தரவில் ஒரு பெண் உதவித்தொகைக்குத் தகுதியற்றவர் என்று தெரியவந்து, அதை வைத்து அவருடைய தொகையை நிறுத்தினால், அது அதன்பின் ஆய்வாகக் கருதப்படாது, விலக்கும் பொருந்தாது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின் அட்டவணையில் தரநிலைகள் வந்துவிட்டன: தேவையான அளவு தரவு மட்டும், தேவையான காலம் மட்டும், தகுந்த பாதுகாப்போடு, பொறுப்பேற்பவர் யார் என்ற தெளிவோடு. முன்பு சொன்ன பத்திப் பட்டியலை ஒழுங்காகச் செய்தவருக்கு இதில் புதிதாக அஞ்ச ஒன்றும் இல்லை. இந்த விலக்கைக் காட்டி நெறிமுறைக் குழுவைத் தாண்டிவிடலாம் என்று நினைப்பவர் தவறாக நினைக்கிறார்; இது வேறு, அது வேறு.

வழி எப்படி இருக்கலாம் என்பதற்குப் பின்லாந்தைப் பார்க்கலாம். 2019இல் இதற்கென்றே சட்டம் இயற்றி, ‘ஃபின்டேட்டா’ என்ற ஒரே அமைப்பின் மூலம் பல துறைகளின் சுகாதாரத் தரவுக்கு அனுமதி தரத் தொடங்கினார்கள். ஆய்வாளர் பாதுகாக்கப்பட்ட கணினிச் சூழலுக்குள் நுழைந்து அங்கேயே கணக்கிடுவார். தனிப் பதிவு வெளியே வராது, முடிவுகள் மட்டுமே சரிபார்க்கப்பட்டு வெளிவரும். அங்கும் கட்டணம் அதிகம், தாமதம் உண்டு என்ற குறைகளை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் இந்த முறையில் கோப்பை யாருக்கும் கொடுப்பதே இல்லை என்பதால், கையெழுத்திடும் அதிகாரியின் பயத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் சுகாதாரப் பதிவுகளைக் கணினியில் ஏற்றத் தெரிந்த மாநிலத்துக்கு, அப்படிப்பட்ட ஓர் அறையைச் சென்னையில் அமைப்பது இயலாத காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை தரவு ஒரு எக்செல் கோப்பாகவே மாணவியின் கைக்கு வரப்போகிறது. கல்லூரித் துறையின் பொதுக் கணினியில் அதைத் திறந்து வைத்துவிட்டு உணவுக்குப் போவதும், வழிகாட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், பென்டிரைவில் போட்டுப் பையில் வைத்துப் பேருந்தில் ஏறுவதும் அன்றாடம் நடப்பவைதான். ஆனால் ஒப்புதல் வாங்கும்போது தந்த உறுதிமொழி அந்த நொடியிலேயே முறிந்துவிடுகிறது. கேள்வி மாறினாலும் குழுவிடம் திரும்பப் போக வேண்டும். ரத்தசோகைக்கென்று வாங்கிய தரவில் சர்க்கரை நோய் பற்றிய பத்தி தற்செயலாக வந்திருந்தால், அதை வைத்து இரண்டாவது கட்டுரை எழுதுவதற்குத் திருத்த ஒப்புதல் வேண்டும்.

விண்ணப்பத்தில் கடைசியாக இரண்டு தேதிகளை எழுதச் சொல்வேன். ஒன்று, கோப்பை அழித்துவிட்டுத் துறைக்கு எழுத்தில் தெரிவிக்கும் நாள். மற்றொன்று, முடிவுகளை மாவட்டத்துக்கு எடுத்துச்செல்லும் நாள். வட்டார அளவில் கிராம சுகாதார செவிலியர்கள் கூடும் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் அரை மணி நேரம் கேட்டால் கிடைக்கும். எத்தனை பதிவுகளில் இரண்டாவது ஹீமோகுளோபின் கட்டம் காலியாக இருந்தது, அதனால் எத்தனை பெண்களை ஆய்விலிருந்து விட வேண்டியதாயிற்று என்று சொல்லிவிட்டு, ஏன் காலியாக இருந்தது என்று அவர்களிடமே கேட்கலாம். பரிசோதனைக்கான பொருள் வராத மாதம் எது, பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணின் பதிவு எந்த ஊரில் அறுபட்டது என்று அவர்கள் சொல்வார்கள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு அது வேண்டியிருக்கும்.